நண்டின் தாடை, சிலந்தியின் கால்

ராயப்பேட்டையும் திருவல்லிக்கேணியும் சேருமிடத்தில் இருக்கிறது ஜாம்பஜார். அங்கே நண்டுக் கூடைக்கு முன்னால் பேரம் பேசுகிறவர்கள் இரண்டு சோதனை செய்வார்கள். ஓட்டின் அடிப்பக்கத்தை விரலால் அழுத்திப் பார்ப்பார்கள். அமுங்கினால் அது அண்மையில் ஓடு கழற்றிய நண்டு, உள்ளே சதை குறைவு, தண்ணீர் அதிகம். அடுத்து, கொடுக்கு இரண்டும் முழுசாக இருக்கின்றனவா என்று பார்ப்பார்கள். ஒன்று குறைந்தாலும் விலையைக் குறைக்கச் சொல்லலாம், ஏனென்றால் நண்டின் நல்ல சதையில் கணிசமான பங்கு கொடுக்கில்தான் இருக்கிறது. வாங்குகிறவரின் கண் போகும் அந்த உறுப்பிலிருந்தே தொடங்குவோம்.

கொடுக்கு ஒரு கால். நண்டின் மார்பிலிருந்து கிளம்பும் ஐந்து ஜோடிக் கால்களில் முதல் ஜோடி அது. பின்னால் வரும் நான்கு ஜோடிகள் நடக்கின்றன, முதல் ஜோடி பிடிக்கிறது. வேலை வேறு, கட்டுமானம் ஒன்றே. குழம்பில் வெந்த நடைகால் ஒன்றையும் கொடுக்கு ஒன்றையும் தட்டில் அருகருகே வைத்து, உடலோடு ஒட்டியிருந்த முனையிலிருந்து எண்ணிப் பாருங்கள். காக்ஸா, பேசிஸ், இஸ்கியம், மீரஸ், கார்பஸ், ப்ரோபோடஸ், டாக்டைலஸ் என்று ஏழு துண்டுகள். பேசிஸும் இஸ்கியமும் ஒட்டிப்போயிருப்பதால் கைக்கு ஆறாகத்தான் படும். நடைகாலின் நுனியில் கூராக முடிவது டாக்டைலஸ். கொடுக்கில் அசைகிற விரலும் அதே டாக்டைலஸ்தான். அதற்கு முந்தைய துண்டான ப்ரோபோடஸ், கொடுக்கில் மட்டும் உப்பிப் பெருத்து, ஒரு பக்கம் அசையாத விரலாக நீண்டுவிட்டது. நண்டு கடிக்கிறது என்றால், காலின் கடைசித் துண்டை அதற்கு முந்தைய துண்டின் மேல் மடக்குகிறது என்று பொருள்.

அந்த உப்பிய துண்டை உடைத்துச் சதையை எடுக்கும்போது நடுவில் பிளாஸ்டிக் மாதிரி மெல்லிய தகடு ஒன்று வரும். சாப்பிடுகிறவர்கள் அதைத் துப்பிவிட்டுப் போய்விடுகிறோம். அந்தத் தகடு டாக்டைலஸின் அடியில் பொருத்தப்பட்ட தசைநாண்; நம் உடம்பில் தசையை எலும்போடு கட்டும் நாணின் வேலையை நண்டில் அது செய்கிறது. அடுத்த முறை துப்புவதற்கு முன் அதைப் பிடித்து இழுத்துப் பாருங்கள், விரல் மூடும். கொடுக்கில் இப்படி இரண்டு தகடுகள் உண்டு. பெரியது மூடும் தசைக்கு, சிறியது திறக்கும் தசைக்கு. மூடும் தசைதான் பலசாலி. திறக்கும் தசை மிகவும் பலவீனமானது. அதனால்தான் சேற்று நண்டின் கொடுக்கை ஒரு சாதாரணக் கயிற்றால் கட்டிவைத்தாலே போதுகிறது. விரலை நசுக்கிவிடும் வலிமையுள்ள அந்த உறுப்பு, கயிற்றை மீறித் திறக்கும் வலிமை இல்லாதது.

கடல் நண்டுகளில் நீலக்கால் நண்டு, ஓட்டில் மூன்று புள்ளிகள் உள்ள நண்டு, சிலுவை நண்டு ஆகிய எதை எடுத்தாலும் கடைசி ஜோடிக் காலைப் பாருங்கள். ப்ரோபோடஸும் டாக்டைலஸும் தட்டையாகி ஓரத்தில் மயிர் வரிசை கட்டித் துடுப்பாக இருக்கும். சேற்று நண்டுக்கும் அப்படித்தான், அதுவும் அதே குடும்பம். வயல் நண்டுக்கு அது கிடையாது. ஆக, ஒரே நண்டின் உடம்பில் ஒரே ஏழு துண்டுகளைக் கொண்டு ஒரு பிடிகருவி, மூன்று ஜோடி நடைகருவி, ஒரு நீச்சல் கருவி செய்யப்பட்டிருக்கின்றன.

துண்டுகளின் பெயர்களை ஒழுங்குபடுத்தியவர் பிரெஞ்சு விலங்கியலாளர் ஆன்றி மில்ன்-எட்வர்ட்ஸ். 1851இல் அவர் வகுத்த ஏழு பெயர்களின் சுருங்கிய வடிவத்தைத்தான் இன்றும் எல்லோரும் பயன்படுத்துகிறார்கள். அவர் அவற்றில் பலவற்றை மனித உடம்பிலிருந்து கடன் வாங்கினார். இஸ்கியம் நம் இடுப்பெலும்பின் ஒரு பகுதி. மீரஸ் என்பது கிரேக்கத்தில் தொடை. கார்பஸ் மணிக்கட்டு. டாக்டைலஸ் விரல். இடுப்பில் தொடங்கித் தொடை, மணிக்கட்டு வழியாகப் போய் விரலில் முடிகிறது. பாதி கால், பாதி கை. எலும்பே இல்லாத பிராணிக்கு எலும்புக்கூட்டின் பெயர்கள். இந்தப் பெயர்கள் ஒரு துண்டு எங்கே இருக்கிறது என்று சுட்டுவதற்கு மிகவும் பயன்படும். எதற்கு எது உறவு என்பதை அவற்றிடம் கேட்கக் கூடாது. இந்த எச்சரிக்கையைப் பிறகு நிறைய இடத்தில் நினைத்துக்கொள்ள வேண்டியிருக்கும்.

சுட்டும் வேலையை அவை எவ்வளவு நன்றாகச் செய்கின்றன என்பதற்குத் தமிழ்நாட்டிலேயே ஓர் உதாரணம் இருக்கிறது. டேனிஷ்காரர்கள் வசம் தரங்கம்பாடி இருந்த காலத்தில், 1798இல், யோஹான் கிறிஸ்டியான் ஃபாப்ரீசியஸ் ஒரு சேற்று நண்டுக்கு அந்த ஊரின் பெயரையே வைத்தார். ஸ்கில்லா டிராங்கிபாரிக்கா என்பது இன்றைய பெயர். ஆனால் இருபதாம் நூற்றாண்டின் பெரும்பகுதி சேற்று நண்டுகள் எல்லாமே ஒரே இனம், ஸ்கில்லா செராட்டா, என்று பலரும் எழுதிக்கொண்டிருந்தார்கள். 1998இல் கீனன், டேவி, மான் என்ற மூவர் மரபணுவையும் உடலமைப்பையும் சேர்த்துப் பார்த்து அவை நான்கு இனங்கள் என்று நிறுவினார்கள். கையில் நண்டை வைத்துக்கொண்டு அவற்றைப் பிரித்தறிய அவர்கள் சொன்ன அடையாளங்களில் முக்கியமான ஒன்று கார்பஸில் இருக்கிறது. கொடுக்குக்கு முந்தைய அந்தத் துண்டின் வெளிப்பக்கத்தில் நன்கு வளர்ந்த இரண்டு முட்கள் இருந்தால் செராட்டா அல்லது டிராங்கிபாரிக்கா. மிஞ்சிப்போனால் ஒரு சிறு முள் மட்டும் என்றால் ஒலிவேசியாவாக இருக்கலாம். பிறகு கண்களுக்கு இடையிலுள்ள பற்களின் உயரத்தையும் கால்களின் வலைக்கோலத்தையும் பார்த்து உறுதிசெய்ய வேண்டும்.

முள்ளை எண்ணுவது வெறும் படிப்பாளி வேலை என்று நினைத்துவிடக் கூடாது. செராட்டா இரண்டு கிலோவைத் தாண்டியும் வளரும். ஒலிவேசியா அவ்வளவு வளராது. பழைய இந்தியக் கட்டுரைகள் பலவற்றில் அந்தச் சிறிய நண்டுதான் செராட்டா என்ற பெயரில் இருக்கிறது. வளர்ப்புக் குட்டையில் எதை விடுகிறோம் என்று தெரியாமல் விட்டால் தீவனக் கணக்கும் அறுவடைக் கணக்கும் எப்படிப் பொருந்தும்? சென்னையில் ராஜா அண்ணாமலைபுரத்தில் இருக்கும் மத்திய உவர்நீர் மீன்வளர்ப்பு ஆராய்ச்சி நிலையம் போன்ற இடங்களில் கார்பஸ் என்ற சொல் அன்றாடப் புழக்கத்தில் இருப்பதற்கு இதுவே காரணம்.

நண்டிலிருந்து சிலந்திக்குத் தாவுவதற்கு முன், இரண்டையும் கையில் எடுத்த ஒருவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஃபிரெடெரிக் ஹென்றி கிரேவ்லி. 1920 முதல் 1940 வரை எழும்பூர் அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளர். கல்கத்தாவில் இந்திய அருங்காட்சியகத்தில் இருந்தபோதே இந்தியாவின் பெருஞ்சிலந்திகளைப் பற்றி எழுதத் தொடங்கியவர். சென்னைக்கு வந்த பிறகு 1924இல் ஓநாய்ச் சிலந்திகளைப் பற்றி விரிவாக எழுதினார். 1927இல் பாம்பன் அருகே குருசடைத் தீவின் கரையோர உயிர்களைப் பற்றி அருங்காட்சியகம் வெளியிட்ட தொகுப்பில் நண்டு, இறால் வகைகளை எழுதியவரும் அவரே. 1932இல் டி. என். ராமச்சந்திரனோடு சேர்ந்து, அருங்காட்சியகத்தின் தென்னிந்திய இந்து உலோகப் படிமங்களுக்கு அட்டவணை தயாரித்தார். நுணுக்கமாகப் பார்க்கத் தெரிந்த கண்ணுக்குச் சிலந்தியின் காலும் செப்புத் திருமேனியின் கையும் ஒரே மேசையில் இருக்க முடிந்த காலம் அது. அந்த அருங்காட்சியகத்துக்குப் போகிறவர்கள் படிமக் கூடத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடாமல் விலங்கியல் பகுதிக்கும் போக வேண்டும் என்பது என் ஆசை.

கிரேவ்லி போன்றவர்கள் சிலந்தியை விவரிக்கும்போது பயன்படுத்திய பெயர்வரிசை வேறு. சிலந்தியின் காலிலும் துண்டுகள் ஏழுதான்: காக்ஸா, ட்ரோகான்டர், ஃபீமர், படெல்லா, டிபியா, மெட்டாடார்சஸ், டார்சஸ். ஃபீமர் தொடையெலும்பு, படெல்லா முழங்கால் சில்லு, டிபியா கணுக்காலுக்கு மேலே உள்ள எலும்பு. நமக்கு முழங்கால் சில்லு ஒரு சிறு எலும்பு. சிலந்திக்கோ அது தனியாக இரண்டு மூட்டுகள் கொண்ட ஒரு முழுத் துண்டு. நண்டில் ஏழு, சிலந்தியில் ஏழு என்றதும் ஒன்றோடொன்று கோடு போட்டு இணைக்கத் தோன்றும். காக்ஸா இரண்டிலும் இருக்கிறது, நல்லது. அதற்குப் பிறகு எந்தத் துண்டுக்கு எந்தத் துண்டு சமம் என்பதில் ஆராய்ச்சியாளர்கள் இன்னும் வாதிட்டுக்கொண்டிருக்கிறார்கள். எண்ணிக்கை ஒத்துப்போவதை மட்டும் நம்பி யாரும் முடிவுக்கு வருவதில்லை.

ராயப்பேட்டையின் பழைய வீடுகளில் மூன்று வகைச் சிலந்திகளைச் சுலபமாகப் பார்க்கலாம். கூரை மூலையில் ஒட்டடை கட்டித் தலைகீழாகத் தொங்கும் நீண்ட கால் சிலந்தி ஒன்று. அதன் டார்சஸைப் பூதக்கண்ணாடியில் பார்த்தால் பல பொய்க் கணுக்கள் தெரியும். அதனால் மெல்லிய நுனி வளைந்து கொடுக்கிறது. இரண்டாவது, இரவில் சுவரில் தட்டையாக அப்பிக்கொண்டு கரப்பான் பிடிக்கும் பெரிய சிலந்தி. அதன் கால்கள் பக்கவாட்டில் திரும்பியிருப்பதால் நண்டைப் போலவே பக்கமாக ஓடும். மூன்றாவது, ஜன்னல் கம்பியில் நின்று நம்மையே திரும்பிப் பார்க்கும் குதிக்கும் சிலந்தி.

குதிப்பது எப்படி என்பதில்தான் சிலந்திக் காலின் பெரிய அதிசயம் இருக்கிறது. நண்டின் ஒவ்வொரு மூட்டிலும் மடக்க ஒரு தசை, நீட்ட ஒரு தசை. சிலந்தியின் காலில் ஃபீமருக்கும் படெல்லாவுக்கும் இடையிலுள்ள மூட்டிலும், டிபியாவுக்கும் மெட்டாடார்சஸுக்கும் இடையிலுள்ள மூட்டிலும் நீட்டும் தசையே கிடையாது. மடக்குவதற்கு மட்டும் தசை. நீட்டுவது இரத்தத்தின் அழுத்தம். ஜேசிபி இயந்திரத்தின் கையை எண்ணெய் அழுத்தம் நீட்டுவதைப் போல, தலைமார்பை இறுக்கி உள்ளேயுள்ள திரவத்தைக் கால்களுக்குள் தள்ளிச் சிலந்தி காலை நிமிர்த்துகிறது. 1959இல் பாரி, பிரவுன் என்ற இரு ஆங்கிலேயர்கள் இந்த அழுத்தத்தை அளந்தார்கள். ஓய்வில் சுமார் 50 மில்லிமீட்டர் பாதரசம், திடீர் அசைவில் 400 வரை. நமக்கு மருத்துவர் 120 இருந்தால் நல்லது என்கிறார். அதே ஆண்டில் அவர்கள் குதிக்கும் சிலந்தியையும் ஆராய்ந்தார்கள். அவர்கள் எடுத்துக்கொண்ட சிலந்தி நான்காம் ஜோடிக் காலை ஒரே நொடிப்பில் நிமிர்த்தித்தான் எகிறியது.

செத்த சிலந்தி கால்களை உள்ளே சுருட்டிக்கொண்டு மல்லாந்து கிடப்பதை எல்லோரும் பார்த்திருப்போம். அழுத்தம் போய்விட்டது, மடங்கிய காலை நிமிர்த்த எதுவும் இல்லை, அதுதான் விஷயம். செத்த நண்டின் கால்கள் அப்படிச் சுருள்வதில்லை. நீர் வற்றிய சிலந்தியும் உயிரோடு இருந்தும் தள்ளாடும். கோடையில் ஜன்னலோரத்தில் கால் மடங்கிக் கிடக்கும் சிலந்தி எல்லாம் செத்தது என்று முடிவுகட்டிப் பெருக்கித் தள்ளிவிடாதீர்கள். ஒரு சொட்டுத் தண்ணீர் சிலவற்றை எழுப்பிவிடும்.

காலை விட்டுக்கொடுப்பதிலும் இரண்டும் வேறு. கூடையில் கொடுக்கில்லாத நண்டுகளில் பல, யாரும் ஒடிக்காமல் தானே கழற்றியவை. பிடிபட்ட காலை நண்டு பேசிஸுக்கும் இஸ்கியத்துக்கும் இடையிலுள்ள ஒரு குறித்த கோட்டில் அறுத்துவிடும். அங்கே ஒரு சவ்வு உடனே இரத்தத்தை அடைத்துவிடும். அடுத்த முறை ஓடு கழற்றும்போது சிறிய கொடுக்கு ஒன்று வெளிவரும், அடுத்தடுத்த முறைகளில் பெரிதாகும். ஒரு கொடுக்கு பெரிதும் மற்றது சின்னதுமாக இருக்கும் சேற்று நண்டு கிடைத்தால், பழைய சண்டை ஒன்றின் கணக்காக அது இருக்கலாம். சிலந்தி காலை விடுவது காக்ஸாவுக்கும் ட்ரோகான்டருக்கும் இடையில். அதற்கும் இளம் வயதில் கால் திரும்ப முளைக்கும். கடைசித் தோலுரிப்பு முடிந்த பிறகு முளைக்காது.

இதுவரை துண்டுகளைப் பார்த்தோம். இனி முழு உறுப்புகளை வரிசைப்படுத்த வேண்டும், அதற்கு இறால் வசதி. சென்னைக் கல்லூரிகளின் விலங்கியல் செய்முறை வகுப்புகளில் தலைமுறை தலைமுறையாக ஒரு பயிற்சி இருந்தது. ஓர் இறாலின் உறுப்புகளை ஒவ்வொன்றாகக் கழற்றி, முன்னாலிருந்து பின்னாகக் கருப்பு அட்டையில் ஒட்டிப் பெயர் எழுதுவது. ஒரு பக்கத்துக்குப் பத்தொன்பது வரும்: தலையில் ஐந்து, மார்பில் எட்டு, வயிற்றில் ஆறு. தலையில் முதலில் இரண்டு ஜோடி உணர்கொம்புகள். நாம் இறால் மீசை என்று சொல்வது இரண்டாவது ஜோடி. அப்புறம் மாண்டிபிள் என்ற அரைக்கும் தாடை, அதன் பின் இரண்டு ஜோடி மெல்லிய துணைத்தாடைகள். மார்பில் முதல் மூன்று ஜோடி தாடைக்கால்கள், அடுத்த ஐந்து நடைகால்கள். வயிற்றில் ஐந்து ஜோடி நீந்துகால்கள், கடைசியில் வால்விசிறியின் இரு பக்க மடல்கள். கடையில் இறாலை எடுத்து நடைகாலின் நுனிகளைப் பாருங்கள். முதல் மூன்று ஜோடியிலும் சின்னக் கவ்விகள் இருந்தால் வனாமி போன்ற கடல் வகை. இரண்டு ஜோடியில் மட்டும் இருந்து, இரண்டாவது நீளமாக இருந்தால் ஆற்று இறால்.

அந்த அட்டையை உற்றுப் பார்த்தால் ஒன்று பிடிபடும். மூன்றாம் தாடைக்கால் பாதி தாடையாகவும் பாதி காலாகவும் இருக்கும். அதற்கு முன்னால் போகப் போகக் கால்தன்மை குறைந்து தாடைத்தன்மை கூடும். எங்கே கால் முடிந்து தாடை தொடங்குகிறது என்று கோடு கிழிக்க முடியாது. இந்தப் பயிற்சி இப்போது பல இடங்களில் படமாகவும் திரையாகவும் மாறிவிட்டது. கையில் வரும் அந்தப் புரிதல் படத்தில் வருவதில்லை என்றே நினைக்கிறேன்.

தாடைகள் எல்லாம் மாறிய கால்களே என்ற கருத்துக்கு வலுவான அடித்தளம் போட்டவர் ஜூல்-செசார் சாவிஞி. 1798இல் நெப்போலியனின் எகிப்துப் படையெடுப்போடு போன அறிஞர் குழுவில் அவரும் ஒருவர், அப்போது வயது 21. அங்கே சேகரித்த பூச்சிகள், நண்டுகள், சிலந்திகளின் வாயுறுப்புகளைப் பல்லாண்டுகள் கூர்ந்து வரைந்தார். 1816இல் வெளியிட்ட நூலில், இத்தனை வித வாய்களும் ஒரே வரிசை உறுப்புகளின் மாற்று வடிவங்கள் என்று காட்டினார். அதன் பின் அவர் கண்கள் கெட்டன. வெளிச்சமே வேதனையாகிப் பல வருடங்களை இருட்டறையில் கழித்து 1851இல் இறந்தார். அவர் பெயரைத் தாங்கும் சிலந்தி ஒன்று நம் ஊர் மரப்பட்டைகளில் இருக்கிறது: ஹெர்சீலியா சாவிஞியி. பட்டையின் நிறத்திலேயே தட்டையாக ஒட்டிக்கொண்டு, பின்னால் இரண்டு நீண்ட வால்கள் நீட்டியிருக்கும். அந்த வால்களைப் பற்றி இன்னும் கொஞ்சத்தில் சொல்கிறேன்.

இறாலின் வரிசையில் சிலந்தியை எங்கே பொருத்துவது? சிலந்திக்கு உணர்கொம்பு இல்லை. முன்னால் இருப்பது விடப்பல் தாங்கிய கெலிசெரா என்ற ஜோடி. அடுத்து பெடிபால்ப் என்ற ஜோடி. குட்டைக் கால் மாதிரி இருக்கும், மெட்டாடார்சஸ் இல்லாததால் துண்டுகள் ஆறு. பிறகு நான்கு ஜோடிக் கால்கள். தேளின் முன்னால் நீண்டிருக்கும் பெரிய கவ்விகள் அந்தப் பெடிபால்ப்புகளே. தேளின் வால்முள்ளையும் நண்டின் கவ்வியையும் நாம் கொடுக்கு என்றே சொல்கிறோம்; முன்னது உறுப்பு ஜோடியே கிடையாது, உடலின் கடைசி முனை. சரி, பத்தொன்பதாம் நூற்றாண்டிலிருந்து பாடநூல்கள் சொல்லிவந்த விடை இது: சிலந்தியின் முன்னோர்களில் முதல் உணர்கொம்பு இருந்த உடற்கண்டம் மொத்தமாக மறைந்துவிட்டது. ஆகவே கெலிசெரா இரண்டாம் உணர்கொம்புக்குச் சமம், பெடிபால்ப் மாண்டிபிளுக்குச் சமம்.

1998இல் அது கவிழ்ந்தது. கருவில் எந்தக் கண்டம் என்னவாக வளர வேண்டும் என்று வழிநடத்தும் ஹாக்ஸ் மரபணுக்கள் உடலில் முன்பின் ஒழுங்கோடு இயங்குகின்றன. ஒவ்வொன்றுக்கும் முன் எல்லை ஒன்று உண்டு. ஜெர்மனியில் விம் டாமன் குழுவினர் ஒரு சிலந்தியின் கருவிலும், லண்டனில் டெல்ஃபோர்டும் தாமஸும் சிலந்தியின் உறவான ஓர் உண்ணியினத்தின் கருவிலும் இந்த எல்லைகளைத் தேடினார்கள். நண்டும் இறாலும் அடங்கிய ஓட்டுடலிகளில் லேபியல் என்ற மரபணு இரண்டாம் உணர்கொம்பில் தொடங்கும்; அதற்கு முன்னால் முதல் உணர்கொம்பில் ஹாக்ஸ் மரபணு எதுவும் இயங்குவதில்லை. சிலந்தியில் லேபியல் பெடிபால்ப்பில் தொடங்கியது. கெலிசெராவில் எதுவும் இல்லை. அதாவது எந்தக் கண்டமும் தொலையவில்லை. கெலிசெரா இருப்பது முதல் உணர்கொம்பின் இடத்தில். பெடிபால்ப் இருப்பது இரண்டாம் உணர்கொம்பின் இடத்தில்.

இப்போது ஓர் இறாலையும் தேளையும் மனதில் பக்கத்தில் வையுங்கள். தேளின் கவ்வி இருப்பது இறால் மீசையின் இடத்தில். சிலந்தியின் விடப்பல் இருப்பது இறாலின் குட்டி முன்மீசையின் இடத்தில். அப்படியே எண்ணிக்கொண்டு பின்னால் போனால், சிலந்தியின் முதல் ஜோடிக் கால் நண்டின் அரைக்கும் தாடைக்கு நேராக வருகிறது. இரண்டாம், மூன்றாம் கால்கள் இரு துணைத்தாடைகளுக்கு நேர். நான்காம் கால் முதல் தாடைக்காலுக்கு நேர். நண்டு எந்தக் கண்டங்களின் உறுப்புகளால் மெல்லுகிறதோ, அந்தக் கண்டங்களின் உறுப்புகளால் சிலந்தி நடக்கிறது. எனக்கு இந்த உண்மையைப் படித்தபோது உண்டான வியப்பு இன்னும் அடங்கவில்லை.

நண்டு நடக்கும் கண்டங்களில் சிலந்திக்கு என்ன இருக்கிறது? அவை அதன் வயிற்றுக்குள் போய்விட்டன. நண்டின் கொடுக்குக்கு நேரான கண்டத்தில் வீட்டுச் சிலந்திகள் பலவற்றுக்கு மூச்சுக்குழல்கள் இருக்கின்றன. அதற்கு முந்தைய கண்டத்தில் ஏட்டு நுரையீரல். நண்டின் முதல் இரண்டு நடைகால்களுக்கு நேரான கண்டங்களில் நூல் சுரக்கும் நுனிகள். ஹெர்சீலியாவின் நீண்ட வால்கள் இந்த நூல் உறுப்புகளே. 2002இல் டாமன் குழு இந்த நுரையீரல், மூச்சுக்குழல், நூல் உறுப்பு மூன்றின் கருவிலும், ஒடிசாக் கரையில் காணப்படும் குதிரைலாட நண்டு போன்றவற்றின் கால்களில் செவுள் உருவாகும் இடத்தில் இயங்கும் அதே மரபணுக்களைக் கண்டது. குதிரைலாட நண்டு பெயரில்தான் நண்டு. உறவில் சிலந்திப் பக்கம். நண்டைச் சுத்தம் செய்யும்போது ஓட்டுக்கு அடியில் பஞ்சு மாதிரி வரும் செவுள்கள் கால்களின் அடியை ஒட்டியே இருப்பதை நினைத்துக்கொண்டால், மூச்சும் காலும் இந்தக் குலத்தில் எவ்வளவு நெருக்கம் என்பது விளங்கும்.

சிலந்தியின் வயிற்றில் ஏன் கால்கள் முளைப்பதில்லை? 2012இல் இதற்கு விடை கிடைத்தது. வீட்டுச் சிலந்தி ஒன்றின் கருவில் ஆன்டெனபீடியா என்ற ஹாக்ஸ் மரபணுவை அடக்கிப் பார்த்தார்கள். இடுப்புக் கண்டத்தில் ஒரு ஜோடி கூடுதல் கால் முளைத்தது. பத்துக் கால் சிலந்தி. வயிற்றில் கால் வளர்க்கும் திறன் இன்றும் அழியவில்லை, தடுத்துவைக்கப்பட்டிருக்கிறது. நண்டுப் பக்கத்திலும் இதே கதை. 1997இல் அவெரோஃப், படேல் இருவரும், அல்ட்ராபைதோராக்ஸ் என்ற மரபணு இயங்காத மார்புக் கண்டங்களில்தான் தாடைக்கால் அமைகிறது என்று காட்டினார்கள். 2009இல் பார்ஹாயேல் என்ற சிறு ஓட்டுடலியில் அந்த மரபணுவை அடக்கியபோது நடைகால் தாடைக்காலாக மாறியது; இயங்காத இடத்தில் இயக்கியபோது தாடைக்கால் நடைகாலாயிற்று. சாவிஞி கண்ணால் கண்டு சொன்னதை ஏறக்குறைய இரு நூற்றாண்டுகள் கழித்து மரபணுவைத் தொட்டு உறுதிசெய்தார்கள்.

சென்னையில் மாமரங்களில் இலைகளை ஒட்டிக் கூடு கட்டும் முசுறு எறும்புகளுக்கு நடுவே, கூர்ந்து பார்த்தால், அவற்றைப் போலவே சிவந்து மெலிந்த ஒரு குதிக்கும் சிலந்தி இருக்கும். மிர்மாப்ளாட்டா ப்ளாட்டேலியோய்டஸ் என்று பெயர். 1869இல் இலங்கையிலிருந்து விவரிக்கப்பட்டது. எறும்புக்கு உணர்கொம்பு உண்டு, சிலந்திக்கு இல்லை. அதனால் இது முதல் ஜோடிக் காலைத் தூக்கி எறும்பின் கொம்பு மாதிரி ஆட்டிக்கொண்டு மீதி ஆறு கால்களில் நடக்கிறது. கண்டக் கணக்கில் அந்தக் கால் தாடையின் இடத்தைச் சேர்ந்தது. அதன் ஆணுக்குக் கெலிசெரா மிக நீளமாக முன்னே துருத்தியிருக்கும். பார்ப்பதற்கு இன்னொரு எறும்பை வாயில் கவ்விச் செல்லும் எறும்பு போலத் தோன்றும். கண்டக் கணக்கில் அந்தக் கெலிசெராதான் உணர்கொம்பின் இடத்தில் இருப்பது. கொம்பின் இடத்து உறுப்பைத் தாடையாகவும், தாடையின் இடத்து உறுப்பைக் கொம்பாகவும் வைத்துக்கொண்டு அது எறும்புகளுக்கு நடுவே உலாவுகிறது.